மளுக்கப்பாறைச் சீட்டு

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பயணத் திட்டம் சுற்ற ஆரம்பிக்கும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆழியாறு அணை, கவியருவியில் குளியல், ஒன்பதாவது வளைவில் போட்டோ, வால்பாறையில் மதியச் சாப்பாடு, நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை, மளுக்கப்பாறை வழியாக வாழச்சால், அதிரப்பள்ளி, ராத்திரி சாலக்குடியில் தூக்கம். போகிற வழியில் யானை, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தட்டையான நெடுஞ்சாலையில் அது மூன்று மணி நேர ஓட்டம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும், தேயிலைத் தோட்டங்களும், அதற்கப்புறம் அடர்ந்த மழைக்காடும் குறுக்கே கிடக்கும்போது அந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது. அந்தப் பொய்க் கணக்கைச் சரிக்கட்ட எல்லோரும் செய்வது ஒன்றுதான், ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. நான் சொல்ல வருவது இதுதான்: இந்தச் சாலையில் காட்டையும் விலங்கையும் நமக்குக் காட்டிக்கொடுப்பது நேரமும் வேகக் குறைவும். நண்பர்கள் சலித்துக்கொள்ளும் செக்போஸ்ட், நேரக் கட்டுப்பாடு, இ-பாஸ், இரவில் மூடும் கேட் எல்லாம் பயணத்தைக் கெடுப்பவை அல்ல. அங்கே பார்ப்பதற்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறதென்றால் அவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் இந்த மலைப்பாதை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை தென்னந்தோப்புகள். அணையைத் தாண்டியதும் வறண்ட முட்புதர், பாறைச் சரிவு. வளைவுகள் ஏற ஏற இலையுதிர் காடு வருகிறது, அதற்கு மேலே காற்றில் ஈரம் ஏறுகிறது, கவர்க்கல் பக்கம் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டுகிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் வறண்ட நிலத்திலிருந்து ஆண்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் மழை பெய்கிற பீடபூமிக்குப் போய்ச் சேருகிறோம். வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. இத்தனை வகை நிலமும் ஒரே சாலையோரம் அடுக்காக இருப்பதால்தான் இத்தனை வகை உயிர்களும் அதே சாலையோரம் இருக்கின்றன. வரையாட்டுக்குப் புல்லும் செங்குத்துப் பாறையும் வேண்டும், அதனால் அது கீழ் வளைவுகளின் பாறைச் சரிவில் நிற்கிறது. சிங்கவால் குரங்குக்கு இடைவெளியில்லாத மரக்கூரை வேண்டும், அதனால் அது மேலே மழைக்காட்டுத் துண்டுகளில் இருக்கிறது. யானைக்கு ஆற்றோர நிழலும் தண்ணீரும் வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு உரிய இடத்தில் தன்பாட்டுக்கு வாழ்கிறது. சாலைதான் பிறகு வந்து அவற்றின் நடுவே நுழைந்தது. 'ஸ்பாட்' என்று நாம் சொல்லும் சொல் இதை மறைத்துவிடுகிறது. அங்கே போனால் கிடைக்கும், இங்கே போனால் கிடைக்காது என்று கடைத்தெருக் கணக்குப்போல ஆகிவிடுகிறது. ஆழியாற்றிலிருந்து வாழச்சால் வரை நிற்கிற இடமும் நிற்காத இடமும் ஒரே காட்டின் பகுதிகள்.

ஒன்பதாவது வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். லோம்ஸ் வியூ என்று பெயர். சாலையைப் போட்ட பொறியாளர் லோமின் பெயரால் அழைக்கப்படுகிறது. அங்கே நின்று பார்த்தால் ஆழியாறு அணை முழுக்கத் தெரியும். பலமுறை வரையாடும் தெரியும். வரை என்றால் மலை. வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. தமிழ்நாடு அரசு 2023இல் இதைக் காப்பதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் என்பது நம் ஊர் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு முகூர்த்தத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிற கூட்டம். அத்தனை அரிதான விலங்கு, சாலையோரச் சுவரில் ஏறி நிற்கிறது, பத்தடி தூரத்தில் பார்க்க முடிகிறது. இது எவ்வளவு பெரிய கொடுப்பினை! அந்த நெருக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் பிஸ்கட் நீட்டுகிறார், இன்னொருவர் வாழைப்பழத் தோலை வீசுகிறார். ஆடு சரிவை விட்டுத் தாருக்கு இறங்கப் பழகுகிறது. தாருக்கு இறங்கிய ஆட்டுக்கு, வளைவின் மறுபக்கத்திலிருந்து இறங்கி வருகிற வண்டியைக் கணிக்கத் தெரியாது. பாறையில் சிறுத்தையைக் கண்டு விலகத் தெரிந்த உடம்பு அது, பஸ்ஸைக் கண்டு விலக அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. பக்கத்தில் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஒவ்வொரு ஆண்டும் குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், பயணிகளை உள்ளே விடுவதில்லை. வால்பாறைச் சாலையை அப்படி மூட முடியாது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களுக்கு அது வாழ்க்கைச் சாலை. அதனால்தான் இங்கே நம் நடத்தைமேல் இரண்டு மடங்கு பொறுப்பு ஏறுகிறது.

வால்பாறையின் சிங்கவால் குரங்கு இதைவிட நீளமான கதை. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கருத்த உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்களின் பழத்தையும் விதையையும் தின்று, பிறந்ததிலிருந்து சாகும்வரை பெரும்பாலும் மரத்திலேயே இருக்கும்படி அமைந்த உயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் வந்த பிறகு, பீடபூமியின் 220 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதிக் காடு வெட்டப்பட்டுக் காபியும் பிறகு தேயிலையும் ஆயிற்று. அந்தக் காட்டை வெட்டியவர்களும் சாலை போட்டவர்களும் கங்காணிகள் கூட்டிவந்த ஏழை ஜனங்கள். அவர்கள் பட்ட பாட்டை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. நாம் ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் அந்த உழைப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்தச் சாலையைப் பற்றிப் பேசுவது சரியில்லை. காடு போனது, நடுவில் சிறு சிறு துண்டுகள் தப்பின. அப்படித் தப்பியதில் ஒன்று புதுத்தோட்டம். நூறு ஹெக்டேர்கூட இல்லாத அந்தத் துண்டுக்குள் சோலைமந்திக் கூட்டங்கள் அடைபட்டிருக்கின்றன. துண்டின் நடுவிலேயே சாலை போகிறது. சாலைக்கு மேலே கிளைகள் கைகோத்திருந்தால் அவை மேலேயே கடந்துவிடும். இடைவெளி வந்த இடத்தில் தரைக்கு இறங்கியாக வேண்டும். அங்கே வண்டியில் அடிபட்டுச் சாவது தொடர்ந்தபோது, வால்பாறையில் நெடுங்காலமாகப் பணிபுரியும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர், வனத்துறையோடு சேர்ந்து, மரத்துக்கு மரம் கான்வாஸ் பட்டைகளைக் கட்டிப் பாலம் அமைத்தார்கள். குரங்குகள் கடக்கிற இடங்களில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்களையும் நிறுத்தினார்கள். புதுத்தோட்டத்தைக் கடக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தால் அந்தப் பட்டைகள் தெரியும்.

அந்தப் பாலம் எனக்கு ஒரு சாட்சிபோலப் படுகிறது. ஒரு விலங்கு சாலையைக் கடப்பதற்கு எத்தனை பேருடைய உழைப்பு வேண்டியிருக்கிறது! அந்த உழைப்பு அத்தனையையும் ஒரு பொட்டலம் சிப்ஸ் வீணாக்கிவிடும். குரங்குக்குத் தின்னக் கொடுத்தால் அது மேலே இருக்கிற பாலத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்குத்தான் வரும். 'பாவம், பசிக்கிறது, கொடுத்தால் புண்ணியம்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. வாயில்லா ஜீவனுக்கு உணவிடுவது நம் மரபில் ஊறிய நல்ல குணம். அந்தக் குணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் காக்கைக்குச் சோறு வைப்பதும் மழைக்காட்டுக் குரங்கைச் சாலைக்கு அழைப்பதும் ஒன்றாகாது. அந்தக் குரங்கு பழம் தின்றுவிட்டு விதையை வேறிடத்தில் போட்டால்தான் அங்கே அடுத்த மரம். நாம் போடும் தீனி அதன் வயிற்றை மட்டும் நிரப்பும். காட்டுக்குச் சேர வேண்டிய விதை குறைந்துபோகும்.

இனி வேகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டுகிறது. முன்னால் எதையோ பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகிற அந்த ஒரு விநாடிக்குள் இத்தனை தூரம். 30இல் போனால் 8 மீட்டர்தான். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இரண்டு மடங்கு வேகம் என்றால் நான்கு மடங்கு தூரம். வளைவில் நமக்குத் தெரிகிற சாலை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். பல இடங்களில் இருபது கூட இராது. ஆக 60இல் வருகிறவர் தன் கண்ணுக்கு எட்டாத தூரத்தைக் கடந்துதான் நிற்க முடியும். அங்கே வரையாடு நிற்கலாம், தேயிலைக் கூடையோடு நடக்கிற அம்மா நிற்கலாம். மழை இரவுகளில் சாலைக்கு வருகிற தவளை, பாம்பு இவற்றை 30இல் போகிறவர்களுக்கும் பார்ப்பது கஷ்டம். ஆனைமலைச் சாலைகளில் இவை நசுங்கிச் சாவதைப் பற்றி 2001இலேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. யானையும் புலியும் செய்தியாகும் அளவுக்குத் தவளை செய்தியாவதில்லை. காட்டின் கணக்கில் அது சின்ன உயிர் அல்ல. மழைக்காட்டு இரவில் கேட்கிற சத்தத்தில் பாதி அதனுடையது. இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்பதையும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும் என்பதையும் மலை ஓட்டுநர்கள் பாடம்போலச் சொல்வார்கள். பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போவதைத் தவிர்க்கிற அந்தப் பழக்கமே நம்மை மெதுவாகவும் போக வைக்கிறது. மலையில் பாதுகாப்பும் காட்சியும் ஒரே பழக்கத்தில்தான் கிடைக்கின்றன.

யானை விஷயத்தில் வால்பாறை மற்ற ஊர்களுக்கு ஒரு பாடத்தையே எழுதி வைத்திருக்கிறது. பகலில் யானைகள் ஆற்றோர மரங்களிலும் காட்டுத் துண்டுகளிலும் ஒதுங்கியிருக்கும், இருட்டியதும் தேயிலைக்குள் நடக்கும். தோட்டத்தில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே யானை நிற்பது தெரியாமல் எதிரே போய்விட்டவர்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படியானால் தெரியப்படுத்தினால் போதும்! உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, தொழிலாளர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி, முக்கியமான முனைகளில் போன் அழைப்பு மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்கு என்று ஓர் ஏற்பாடு வந்தது. விளக்கு எரிந்தால் சுற்றுவட்டாரத்தில் யானை இருக்கிறது என்று பொருள். இதை முன்னெடுத்த ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. துப்பாக்கியும் வேலியும் இல்லாமல், தகவலை மட்டும் நம்பி மனிதரும் யானையும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று காட்டிய ஊர் அது. வெளியூர்க்காரர்களான நமக்கு அந்தத் தகவல் வருவதில்லை. நம்மிடம் இருப்பது காத்திருக்கும் பொறுமை மட்டும்தான். 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறைச் சாலையில் யானை நின்றபோது வண்டிகள் காத்துக் கிடந்தன. அப்போது வெளிநாட்டுப் பயணி ஒருவர் பைக்கில் கடந்துபோக முயன்று, யானை தாக்கி உயிரிழந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாலு மணிக்குள் அதிரப்பள்ளியில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிற எந்தக் காரும், யானை முன்னால் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் அதே தவறின் விளிம்பில்தான் நிற்கிறது. தப்புச் செய்யவைப்பது ஓட்டுபவரின் குணத்தைவிடத் திட்டத்தில் இருக்கிற நெருக்கடி.

அருவிகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆழியாற்றுக்கு மேலே இருப்பது கவியருவி. கவி என்றால் குரங்கு, மங்கி ஃபால்ஸ் என்ற பெயருக்குத் தமிழ். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போடும். கோடையில் தண்ணீர் நூலாகிவிடும். இரண்டுக்கும் காரணம் மேலே இருக்கிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல வாங்கி வைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. அந்தப் பஞ்சு எங்கெல்லாம் அறுபட்டதோ அங்கெல்லாம் மழையன்று வெள்ளம், மறுமாதம் வறட்சி. அருவி என்பது காட்டின் கணக்குப் புத்தகம்போல. எத்தனை மரம் மிச்சம் என்று மார்ச் மாதத்து அருவியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அதிரப்பள்ளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 'புன்னகை மன்னன்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கு அது புன்னகை மன்னன் அருவி. ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து சாலக்குடி ஆறு அப்படியே விழுகிறது. அதற்கு மேலே பெரிங்கல்குத்து அணை 1957லிருந்து இருக்கிறது. அதற்கும் மேலே கேரளத்துச் சோலையாறு, பரம்பிக்குளம் அணைகள், தமிழ்நாட்டுப் பக்கம் மேல் சோலையாறு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக இரண்டு மாநிலங்களும் 1970இல் ஒப்பந்தம் போட்டன. பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கும் தென்னைக்கும் போகிற தண்ணீர் இந்த மலையில்தான் திருப்பப்படுகிறது. ஆகவே அதிரப்பள்ளியில் கைப்பிடிக் கம்பியருகே நின்று நாம் பார்க்கிற தண்ணீர், மழை பெய்த அளவோடு, மின்சாரத் தேவையும் அணையின் மதகும் சேர்ந்து தீர்மானித்த அளவு.

அந்த அருவிக்கு மேலே 163 மெகாவாட் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருந்தது. வாழச்சால் காட்டில் வாழும் காடர் மக்கள் அதை எதிர்த்தார்கள். ஆற்றோரக் காட்டைப் படித்தவர்கள் எதிர்த்தார்கள். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011இல் அதை அனுமதிக்க வேண்டாம் என்று சொன்னது. கேரளத்தில் இருக்கிற நான்கு வகை இருவாச்சிகளும் அந்த ஆற்றங்கரையில் காணப்படுவது அவர்கள் வைத்த முக்கியமான காரணங்களில் ஒன்று. அணை எழவில்லை, அருவி விழுந்துகொண்டிருக்கிறது. நாம் அங்கே போய்ப் படம் எடுக்க முடிகிறதென்றால், 'இது வேண்டாம்' என்று சிலர் விடாமல் சொல்லி வந்ததற்கும் அதில் பங்கு உண்டு. கட்டுப்பாட்டின் மேல் சலிப்பு வரும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தண்ணீரின் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. 2023 அக்டோபரில், சுற்றுலா வந்த ஐந்து கல்லூரி மாணவர்கள் வால்பாறையை அடுத்த சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் இறங்கி மூழ்கிப் போனார்கள். ஒருவர் தடுமாறினால் கூட வந்தவர் கையை நீட்டாமல் இருப்பாரா? நட்பு அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துவிடும். மலை ஆற்றில் மேலே தெரிகிற அமைதிக்கும் அடியில் இருக்கிற பாறைக்குழிக்கும் சம்பந்தமே இல்லை. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். குளிக்க அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது என்ற பலகை, யாரோ ஒரு தாயின் அழுகைக்குப் பிறகு வைக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டு படியுங்கள்.

இப்போது அந்தச் சீட்டு. வால்பாறையிலிருந்து சுமார் 26 கிலோமீட்டரில் மளுக்கப்பாறை, கேரள எல்லை. அங்கே வனத்துறைச் செக்போஸ்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். காட்டைக் கடக்க வேண்டிய நேரத்தோடு சீட்டு தருவார்கள். வாழச்சால் முனையில் அதைப் பார்ப்பார்கள். மாலைக்குப் பிறகு சுற்றுலா வண்டிகளை விடமாட்டார்கள். நடுவில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காடு. கடை கிடையாது, பல இடங்களில் சிக்னலும் கிடையாது. மணிக்கு 30 என்று போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்பதால், இந்தச் சீட்டு யாரையும் விரட்டவில்லை. அது தடுப்பது நடுக்காட்டில் காரை நிறுத்தி, பாட்டுப் போட்டு, இலை விரித்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் புதருக்குள் எறிவதை. சாலையோரத்தில் உடைந்து கிடக்கும் பீர் பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கும். நீலகிரியில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் முறையை 2022இல் நீதிமன்றம் கொண்டுவரச் செய்ததற்கு இப்படிப்பட்ட காரணங்கள்தான். ஆள் நினைவுபடுத்தினால் கேட்காதவர்கள், சீட்டில் நேரம் இருந்தால் கேட்கிறார்கள். அது போதும்.

வரி கட்டுகிறோம், பொதுச்சாலை, யார் எங்களைத் தடுக்க முடியும் என்ற கேள்வி முதலில் வரும். பொதுச்சாலை என்றால் எல்லோருக்குமான சாலை. பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போட்டால் யாரும் உரிமை பறிபோனதாகச் சொல்வதில்லை. பந்திப்பூர் வழியே 2009லிருந்தும், திம்பம் மலைப்பாதையில் 2022லிருந்தும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று கேட்கும் உரிமை மலையில் வாழ்பவர்களுக்கும் உண்டல்லவா?

இதைவிடக் கனமான எதிர்ப்பு மலையில் இருப்பவர்களிடமிருந்தே வருகிறது. வால்பாறையில் தேயிலைத் தொழில் தளர்ந்து, மக்கள் இறங்கிப் போகிறார்கள். கடை, விடுதி, ஜீப் என்று சுற்றுலாவை நம்பித்தான் பலர் இருக்கிறார்கள், கட்டுப்பாடு போட்டால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஆனால் ஒரு பதில் உண்டு. நாலு மணிக்குக் கிளம்பி ராத்திரிக்குள் சாலக்குடி சேர்கிற கார் வால்பாறைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் கொடுக்கிறது. டீயும் பெட்ரோலும் கீழேயே முடிந்துவிடும். அதே கூட்டம் வால்பாறையில் இரண்டு ராத்திரி தங்கினால் விடுதிக்காரர், மெஸ்காரர், வழிகாட்டி என்று பலர் கையில் காசு போகும். மெதுவான பயணமே ஊருக்கும் லாபம். அவசரச் சுற்றுலா விட்டுச்செல்வது பெரும்பாலும் குப்பையும் நெரிசலும்தான். கட்டுப்பாடு எப்படி அமைய வேண்டும் என்பதில் உள்ளூர்க்காரர்களின் குரல் முதலில் கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிலாளியின் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் கேட் ஒரு தடையாகிவிடக் கூடாது.

காட்டை வெட்டித் தேயிலை நட்டது வெள்ளைக்காரர்கள், அணை கட்டியது அரசாங்கம், இப்போது என் ஒரு கார் போனதால் என்ன ஆகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய அழிவை நாம் செய்யவில்லை. ஆனால் அந்த அழிவுக்குப் பிறகு தப்பிய துண்டுகள் சின்னவை, அதனாலேயே ஒவ்வொரு சின்ன உராய்வும் அவற்றில் அதிகம் வலிக்கிறது. ஆயிரம் ஏக்கர் காட்டில் ஒரு குரங்கு சாலையில் சாவதும், நூறு ஹெக்டேருக்குள் அடைபட்ட கூட்டத்தில் ஒரு தாய்க்குரங்கு சாவதும் ஒன்றாக முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்பாறையில் 2000 வாக்கிலிருந்து திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் அவர்களோடு சேர்ந்தவர்களும், தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, சீரழிந்த துண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மழைக்காட்டு மர இனங்களின் நாற்றுகளை வளர்த்து நட்டு வருகிறார்கள். அவர்கள் நட்ட மரம் நிழல் தர இருபது வருடம். நாம் செய்ய வேண்டியது 30 கிலோமீட்டரில் போவது.

ஜாலியாக இருக்கத்தானே நண்பர்களோடு போகிறோம், கோவிலுக்குப் போவதுபோல வாயை மூடிக்கொண்டா போவது என்பது எனக்கு மிகவும் புரிகிற கேள்வி. சிரிப்பும் பாட்டும் இல்லாத பயணம் யாருக்கு வேண்டும்? ஆழியாறு வரை பாடுங்கள், விடுதியில் விடிய விடியப் பேசுங்கள். புதுத்தோட்டத்திலும் மளுக்கப்பாறைக் காட்டிலும் மட்டும் ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்திவிடுங்கள். இருவாச்சி பறந்தால் சிறகடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். பெரிய விசிறியை யாரோ அழுத்தி வீசுவதுபோல இருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண்தான் நாள் முழுக்க அத்திப்பழம் கொண்டுவந்து சிறு துளை வழியாக ஊட்டும். அந்த ஆண் செத்தால் உள்ளே குடும்பம் முழுக்கப் பட்டினி. வாழச்சால் பக்கம் இந்தக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களில் காடர் மக்கள் உண்டு, வனத்துறை அவர்களை அந்த வேலைக்கு வைத்திருக்கிறது. அந்தக் கூடு எங்கே என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் ஒருவர் பின்சீட்டிலிருந்து 'அதோ' என்று கிசுகிசுக்க, மற்றவர்கள் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்புகிற அந்தக் கணத்தில் நண்பர்களுக்குள் வரும் நெருக்கம், சத்தமான எந்தக் கொண்டாட்டத்துக்கும் குறைந்ததல்ல.

ஆகவே திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் நாள் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, 64 கிலோமீட்டர், அதற்கு முழுப் பகலையும் கொடுங்கள். கவியருவி திறந்திருந்தால் குளியுங்கள், மூடியிருந்தால் மேலே ஏறுங்கள். இரண்டாவது நாள் வால்பாறையிலேயே இருங்கள், புதுத்தோட்டத்துப் பாலங்களை நிதானமாகப் பாருங்கள். மூன்றாவது நாள் காலையில் சீக்கிரமே மளுக்கப்பாறைக்குப் போய்விடுங்கள். காலை வெளிச்சத்தில் அந்த 50 கிலோமீட்டரைக் கடந்து, வாழச்சாலில் சீட்டைக் காட்டிவிட்டு, மதியத்துக்குள் அதிரப்பள்ளியில் இருக்கலாம். சோலையாறு பக்கம் நேரம் போய்விட்டது, மளுக்கப்பாறை சேர்வதற்குள் மாலை நாலு மணி ஆகிவிடும் என்று தெரிந்தால் செக்போஸ்டில் கெஞ்சாதீர்கள், திரும்பி வால்பாறைக்கே வந்து இன்னொரு ராத்திரி தங்குங்கள். அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.